வாபஸ் வாங்கின கட்டுரை

"ஹலோ... ஹலோ... ஆரு, நாறும்பூ அண்ணாச்சியா?... ஹலோ, கேக்குதா?... ஆமா, ஆமா, சங்கரன்கோவில்தான்... வடிவு பேசுதேன். வடிவாம்பாள்... கோமதிநாயகம் டாக்டர் வீட்டுல இருந்து... ஆமா அண்ணாச்சி, நான்தான்."

காலையில் தபாலாபீஸ் திறந்ததும் பதிந்த டிரங்க் கால். மதுரையில் லைன் இல்லை, திருச்சியில் லைன் இல்லை என்று சொல்லிச் சொல்லி, உச்சிவெயில் ஏறின பிறகுதான் சென்னை கிடைத்தது. அதுவரை வடிவாம்பாள் சுவரோரத்துப் பெஞ்சில், மடியில் ஒரு புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசுவதற்குத் தனி அறை கிடையாது. போஸ்ட்மாஸ்டர் காந்திமதிநாதன் மேஜை மேலேதான் டெலிபோன். அவர் எழுந்து தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். அவள் உட்காரவில்லை. ஆடித் தபசு முடிந்த வாரம். மணியார்டர் அனுப்ப, தந்தி கொடுக்க என்று வத்தல் வியாபாரிகளும் பெண்களுமாகக் கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நல்ல கூட்டம். அதில் பாதிப்பேர் அவள் புருஷனிடம் மருந்து வாங்கிக் குடித்தவர்கள்.

"இருக்கேன் அண்ணாச்சி... ஆமா, சாப்பிடுதேன், சாப்பிடாம என்ன... மதினி சௌக்கியமா?... சரி... சரி சரி. அதெல்லாம் பொறவு பேசுவோம். அண்ணாச்சி, புஸ்தகம் வந்துச்சு... உங்க ஜர்னல்தான். அவுக பேருக்கேதான் இன்னும் வருது. நிறுத்தச் சொல்லி எழுதணும்னு எனக்குத் தோணல... நேத்து வந்துச்சு. பிரிக்காம அவுக மேஜையில வச்சிருந்தேன். இன்னைக்குக் காலையிலதான் பிரிச்சேன்."

நாறும்பூநாதன் அவள் புருஷனோடு ஒரே வகுப்பில் வைத்தியம் படித்தவர். கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். கோமதிநாயகம் சங்கரன்கோவிலுக்கு வந்து டிஸ்பென்சரி வைத்தார். இவர் சென்னையிலேயே தங்கி, டாக்டர்கள் படிக்கிற இங்கிலீஷ் ஜர்னல் ஒன்றுக்கு ஆசிரியரானார். மூன்று மாதத்துக்கு ஒன்று வரும். பங்குனியில் கோமதிநாயகம் செத்துப்போன செய்தி கேட்டு ரயிலேறி வந்து, கருமாதி வரைக்கும் இருந்துவிட்டுப் போனவர்.

"ராயகிரியில ஜெயசிங்குன்னு ஒரு டாக்டர் இருக்காருல்லா... ஆமா, சின்ன வயசு... அவரு காலையில ஆள் அனுப்பியிருந்தாரு. ஆடுதீண்டாப்பாளைச் செடி இந்தப் பக்கம் எங்கன நிறையக் கிடைக்கும், டாக்டர் எங்கன பறிச்சாருன்னு கேட்டு... ஆமா... எதுக்குன்னு கேட்டேன். பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து காய்ச்சணும், ஜர்னல்ல வந்திருக்குன்னு சொன்னான் வந்தவன். அதுக்குப் பொறவுதான் நான் ஓடிப்போய்ப் பிரிச்சுப் பாத்தேன்... ஹலோ?... இருக்கீங்களா அண்ணாச்சி?... ஒண்ணும் பேச மாட்டேங்கீங்க."

அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தை எடுத்தாள்.

"சுயம்புலிங்கம்னு பேரு போட்டிருக்கு... டாக்டர் சுயம்புலிங்கம், புரொபசர்... ம்... ம்... ஒரே செடியைப் பத்தி ரெண்டு பேரு எழுதக்கூடாதான்னு கேக்குதீங்க. எழுதலாம், ஆரு வேண்டாம்னா... அண்ணாச்சி, அது என் இங்கிலீஷு... என் இங்கிலீஷுன்னேன்! அவுக எழுதினதைச் சீர்பண்ணி, நல்லாப் பிரதி எடுத்துக் கொடுத்தது நான்லா. பருத்தி எடுக்கப்போற தாய்மார் பிள்ளையை வரப்புல படுக்கப் போட்டுட்டுப் போவாக, அது மண்ணைத் தின்னும், அதுலதான் பூச்சி வருதுன்னு ஒரு இடம் வரும். அது அப்படியே இருக்கு. சுயம்புலிங்கம் எந்த வரப்புல போய்ப் பாத்தாரு?... இளையரசனேந்தல்னு நாங்க எழுதினதை மட்டும் எடுத்துட்டு, 'தெற்கே ஒரு கிராமம்'னு போட்டிருக்கு. மத்ததெல்லாம் ஒரு எழுத்து மாறல."

ஒரு கட்டுரை போனால் அந்த ஜர்னலில் உடனே அச்சுக்குக் கொடுக்க மாட்டார்கள். அந்த விஷயம் தெரிந்த இன்னொரு பெரிய டாக்டருக்கு அனுப்புவார்கள். அவர் படித்து, சரியா தப்பா, போடலாமா கூடாதா என்று சொல்லவேண்டும். படித்ததை வெளியே பேசக்கூடாது, தன் காரியத்துக்கு எடுத்துக்கொள்ளக்கூடாது. அதற்குச் சட்டம் ஒன்றும் கிடையாது. நம்பிக்கைதான். கோமதிநாயகத்தின் கட்டுரை அப்படித்தான் சுயம்புலிங்கத்தின் கைக்குப் போனது. யாரிடம் போயிருக்கிறது என்று எழுதினவருக்குச் சொல்லுகிற வழக்கமில்லை. சிநேகிதன் என்பதால் நாறும்பூநாதன் சொல்லியிருந்தார். அவ்வளவு பெரிய மனுஷர் நம் கட்டுரையைப் படிக்கிறாராம் என்று அன்றைக்கு அவள் புருஷன் சின்னப்பிள்ளை மாதிரி வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்தார்.

"ம்... ம்... இல்ல அண்ணாச்சி... அடுத்த புஸ்தகத்துலயா?... நன்றின்னு ஒரு வரி போடுவீகளா... 'சங்கரன்கோவில் டாக்டர் கோமதிநாயகம் உதவினார்'னு... இல்ல, நான் அதுக்குக் கூப்பிடல... கோவமெல்லாம் இல்ல. அண்ணாச்சி, நான் சொல்லுததைக் கேளுங்க. அவுக பேரை வாங்கித் தாங்கன்னு கேக்கதுக்கு நான் இங்கன வந்து நிக்கல. அந்த மருந்து... கேக்கலையா?... அந்த மருந்து ஆகாதுன்னேன்... இன்னும் சத்தமாவா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். காந்திமதிநாதன் தலையைக் குனிந்து முத்திரை குத்திக்கொண்டிருந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவியும் இரண்டு பெண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயருகே முந்தானையை வைத்து மறைத்துக்கொண்டு பேசினாள்.

"அவுக வாபஸ் வாங்கினாகல்லா அண்ணாச்சி. இதே டெலிபோன்ல நின்னு உங்ககிட்டச் சொன்னாக. நான் பக்கத்துல இருந்தேன். மாசி மாசம்... ஞாபகம் இருக்கா?... இருக்கும். அன்னைக்கு அவுக பேச முடியாம நடுவுல நிறுத்திட்டாக, நீங்க லைன் போயிட்டுதுன்னு நெனச்சு ஹலோ ஹலோன்னு கத்தினீங்க. அது ரிசீவரைத் தாண்டி எனக்கும் கேட்டுச்சு."

கட்டுரையை அனுப்பும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆடுதீண்டாப்பாளைச் சாறில் காய்ச்சின மருந்தைக் கொடுத்த பிள்ளைகளுக்குப் பூச்சி விழுந்தது, வயிறு வற்றியது, பசி எடுத்தது. தை கழிந்து ஒவ்வொன்றாக முகம் வீங்க ஆரம்பித்தது. மூத்திரம் கட்டியது. இளையரசனேந்தலில் செண்பகம் என்ற பெண்பிள்ளை முதலில் போயிற்று. அதற்குப் பிறகு கரிவலம்வந்தநல்லூரில் இசக்கிமுத்து என்று ஒரு பையன். விஷக்காய்ச்சல் என்றுதான் ஊரில் நினைத்தார்கள். அப்படியே விட்டிருக்கலாம்; யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கோமதிநாயகம் செண்பகத்தின் வீட்டுக்குப் போய், என் மருந்துதான் அய்யா உன் பிள்ளையைக் கொன்றது என்று அவள் அப்பன் காலில் விழுந்தார். அந்த மனுஷன் உள்ளே போய், மிச்சம் இருந்த மருந்துக் குப்பியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். அதிலிருந்து அவர் மருந்து கொடுத்த ஒவ்வொரு வீடாகத் தேடிப் போய் மிச்ச மருந்தைத் திருப்பி வாங்கினார். பஸ் போகாத ஊருக்கு நடந்து போனார். சோறு தண்ணி மறந்துபோயிற்று. பங்குனி வெயிலில் கரிவலத்துக் கண்மாய்க் கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரை வண்டியில் போட்டுத்தான் கொண்டுவந்தார்கள்.

"சொல்லுங்க... ம்... ம்... சுயம்புலிங்கத்துகிட்ட நீங்க சொன்னீகளா இல்லையா?... சொன்னீங்க. என்னன்னு சொன்னீங்க?... 'எழுதினவர் வாபஸ் வாங்கிட்டார்'... அவ்வளவுதானா?... ஏன் வாங்கினாருன்னு சொல்லலையா?... பிள்ளைக செத்துப்போன விஷயத்தை அப்பம் சொல்லவே இல்லையா அண்ணாச்சி?... ஐயோ."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்?... ம்... அவன் பேரு கெட்டுரக்கூடாதுன்னு... சிநேகிதன்னு... புரியுது... புரியுது அண்ணாச்சி. நல்லதுக்குத்தான் நெனச்சீங்க. ஆனா அவரு என்ன நெனச்சாரு? நாட்டுப்புறத்து டாக்டரு பயந்துபோய் விட்டுட்டான், செத்தும் போயிட்டான், சொந்தக்காரன் இல்லாத சாமான்னு எடுத்துக்கிட்டாரு. அதுல விஷம் இருக்குன்னு அவருக்கும் தெரியாதுல்லா... எடுத்தது தப்புத்தான். அதை நான் இல்லைங்கல. ஆனா பாருங்க, திருடினவருக்குக்கூட அது தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

அவள் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அச்சுல போறதுக்கு முன்னால புரூஃப் உங்ககிட்ட வரும்லா?... வரும். அவுகளே சொல்லியிருக்காக, நாறும்பூ பாக்காம ஒரு கமாகூடப் போகாதுன்னு... பாத்தீகளா?... அண்ணாச்சி, உங்களைத்தான் கேக்குதேன்... பாத்தீகளா?"

நடுவில் எக்ஸ்சேஞ்சுப் பெண் குறுக்கிட்டு, நேரம் முடிந்தது, நீட்டிக்கவா என்று கேட்டாள்.

"நீட்டுங்கம்மா, நீட்டுங்க... கட் பண்ணிராதீங்க... அண்ணாச்சி?... ம்... பாத்தீங்க."

அவள் குரல் இறங்கிவிட்டது. கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. கருமாதி அன்றைக்கு இதே மனுஷன் அவள் வீட்டு வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதது கண்ணில் வந்தது. அது பொய் அழுகை இல்லை. இதுவும் அவர் செய்ததுதான். இரண்டையும் ஒரே ஆள் செய்திருக்கிறார் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஆமா... ஜர்னல் நடத்துத சபைக்கே அவருதான் தலைவர்... உங்க வேலை அவரு கையில... தெரியுது... எனக்கு ஒண்ணு மட்டும் செய்ங்க. அடுத்த புஸ்தகத்துல இந்தக் கட்டுரை தப்பு, இந்த மருந்தை ஆரும் கொடுக்காதீங்கன்னு போடுங்க. அவரு பேரு அவருக்கே இருக்கட்டும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்... ம்... ஏன் முடியாது?... எழுதினவர்தான் தப்புன்னு சொல்லணுமா?... கேட்டுப் பாத்தீகளா?... அச்சான பொறவுதான் பிள்ளைக விஷயத்தைச் சொல்லிக் கேட்டீங்க. என்ன சொன்னாரு?... 'பிள்ளைக செத்துதுன்னா ஆரு பிள்ளை, எந்த ஊரு, ஆரு பாத்தா'... ம்... அவரு எப்படிச் சொல்லுவாரு, அவருக்கு எந்தப் பிள்ளையைத் தெரியும்?"

இப்போது மறுமுனை வேகமாகப் பேசியது. வடிவாம்பாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"சரி... சரி... அப்பம் ஒரே வழிதான் இருக்குங்கீங்க. கட்டுரை அவுகளோடதுன்னு சொல்லணும். அவுக மருந்துதான், அவுக கைதான், அவுக கொடுத்துத்தான் பிள்ளைக செத்துதுன்னு போடணும்... அப்பம்தான் மத்தவங்க நம்புவாக... ஆமா... ஆமா, அதைத்தான் நானும் யோசிக்கேன்."

டாக்டர்கள் படிக்கிற அந்த ஜர்னலில் தன் பேர் ஒருதடவையாவது வரவேண்டும் என்பது கோமதிநாயகத்தின் ஆசை. அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் புதுப் புத்தகம் வந்ததும் முதலில் கட்டுரையைப் பார்க்க மாட்டார், எழுதினவர் பேரையும் ஊரையும்தான் விரல் வைத்துப் பார்ப்பார். எல்லாம் பம்பாய், கல்கத்தா, சென்னை. அவளுக்குத் தெரியும். இனி அந்தப் பேர் அதில் வருவதென்றால், மருந்து கொடுத்துப் பிள்ளைகளைக் கொன்றவன் என்று வரவேண்டும். அதற்கு அப்புறம் அவர் பேர் எதிலும் வரப்போவதில்லை.

"என்ன அண்ணாச்சி?... ஆமா, எல்லாரும் படிப்பாக. அவுககூடப் படிச்சவுக படிப்பாக... சொல்லட்டும்... கொலைகாரன்னா சொல்லுவாக?... சொன்னாச் சொல்லட்டும். அவுக இருந்தா அவுகளே சொல்லியிருப்பாக... நான் அழல... அண்ணாச்சி, எழுத ஏதும் வச்சிருக்கீகளா?... எடுங்க. நான் தமிழ்ல சொல்லுதேன், நீங்க இங்கிலீஷ்ல போட்டுக்கிடுங்க. எனக்கு இப்பம் இங்கிலீஷ் வரமாட்டேங்கு."

முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"இந்தக் கட்டுரை சங்கரன்கோவில் டாக்டர் கோமதிநாயகம் எழுதினது... எழுதிட்டீகளா?... கேக்கலையா? டாக்டர் கோமதிநாயகம் எழுதினது! பொறவு அதை அவரே வாபஸ் வாங்கினாரு. ஏன்னா, அந்த மருந்து கொடுத்த பிள்ளைகளுக்கு மூத்திரம் கட்டி முகம் வீங்குச்சு... வீங்குச்சு! இளையரசனேந்தல்ல செண்பகம்னு ஒரு பிள்ளை, கரிவலம்வந்தநல்லூர்ல இசக்கிமுத்துன்னு ஒரு பையன்... செத்துப் போச்சு! ரெண்டும் செத்துப் போச்சு! அவுக மருந்தாலதான் செத்துது!"

முத்திரை குத்துகிற சத்தம் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பேச்சு நின்றது. தராசில் பார்சலை வைத்த கை அப்படியே இருந்தது. வடிவாம்பாள் யாரையும் பார்க்கவில்லை. இத்தனை நாளாக டாக்டர் வீட்டம்மா என்று வழிவிட்ட ஊர் இது. ஆனால் குரலை இறக்கவில்லை. இறக்கினால் சென்னைக்குக் கேட்காது.

"வாசிங்க, கேப்போம்... ம்... ம்... ஆமா... என்னது?... 'சில பாதகமான விளைவுகள்'னா?... அப்படிப் போடாதீங்க அண்ணாச்சி. அதைப் படிச்சா வயித்தை வலிக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டு மருந்தைக் குறைச்சுக் கொடுப்பாக. செத்துதுன்னு போடுங்க... பெரியவங்க பத்திரிகையில அப்படி எழுத மாட்டாகளா?... பிள்ளை செத்தா வேற எப்படி எழுதுவாக?... ம்... அழாதீங்க... அழுதா எழுத்து தப்பாப் போகும். எழுதுங்க. நான் இருக்கேன்."

நாறும்பூநாதன் எழுதினார். எழுதினதை மறைக்காமல் அச்சிலும் போட்டார். ஐப்பசியில் வந்த இதழின் முதல் பக்கத்தில், இரங்கல் செய்திக்குப் போடுகிற கறுப்புக் கட்டம் எதுவும் கட்டாமல், அந்தக் குறிப்பு வந்தது. 'இறந்தன' என்பதற்கான இங்கிலீஷ் சொல் இரண்டு தடவை அதில் இருந்தது. ஆசிரியரிடம் முன்பே சொல்லப்பட்டது, அவர் வெளியிடத் தவறினார் என்று அவள் சொல்லாத ஒரு வரியையும் அவராகச் சேர்த்திருந்தார். அதற்கடுத்த இதழுக்கு வேறு ஆசிரியர். சுயம்புலிங்கம் கடைசிவரை புரொபசராகவே இருந்து ஓய்வு பெற்றார். பழைய சிநேகிதர்களில் ஒரு சிலர் கோமதிநாயகம் பேரை எடுத்தாலே பேச்சை மாற்றினார்கள். சங்கரன்கோவிலில் அப்படி நடக்கவில்லை, வேறு மாதிரி நடந்தது: அவள் தெருவில் வந்தால் சிலர் கும்பிட்டார்கள், சிலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். இரண்டுக்கும் அவள் பழகிக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு, கையில் ரிசீவரோடு நின்றபோது, இதில் எதுவும் அவளுக்குத் தெரியாது.

"ஆமா... இப்பம் சரியா இருக்கு... உங்களுக்குக் கஷ்டம் வரும் அண்ணாச்சி... தெரியும்... மதினிகிட்டச் சொல்லிட்டீகளா?... சொல்லிருங்க, பொறவு ஆரும் சொல்லி அவுகளுக்குத் தெரியக்கூடாது... ம்... மன்னிக்கவா? அதைப் பேச இப்பம் என்னால முடியல. பொறவு ஒருநாள் வாங்க, பேசுவோம்... வாங்க, வீடு அங்கனதான் இருக்கு."

எக்ஸ்சேஞ்சுப் பெண் மறுபடி வந்தாள்.

"முடிச்சிருதேன்மா... அண்ணாச்சி, அந்தப் புஸ்தகம் எங்கெங்க போவுது?... ஆந்திராவுக்கா... மலையாளத்துக்கும்... சிலோனுக்குமா... ம்... அடுத்த புஸ்தகம் வர வரைக்கும் பொறுக்காதீங்க. இன்னைக்கே, புஸ்தகம் வாங்குத ஆளுக்கொரு கார்டு போடுங்க... போடுவீகளா?... சத்தியமா?... சரி. ராயகிரிக்கு நான் போறேன். இப்பம் ஒரு பஸ் இருக்கு, ஜெயசிங்கை நேர்ல பாத்துச் சொல்லிருவேன். மத்த ஊருக்கெல்லாம் என்னால போக முடியாது அண்ணாச்சி. அங்கெல்லாம் நீங்கதான் போகணும்... ஆமா... ஆமா... வச்சிரட்டா?"

அவர் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரிசீவரை வைத்தாள்.